பேரிங் வாங்கத் தெரிந்த நமக்கு ஓட்டுப் போடத் தெரியுமா?

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



போன செமஸ்டரில் புராஜெக்ட் வேலைக்காக நாங்கள் நான்கு பேர் ஒரு பேரிங் வாங்கக் கரூர் கடைவீதிக்குப் போனோம். 6203 பேரிங். உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய சாமான்தான். ஆனாலும் மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒருத்தன் வெர்னியரை எடுத்து அளந்தான். ஒருத்தன் காதுகிட்ட வைத்துச் சுற்றிப் பார்த்தான். டப்பாவில் இருக்கிற எழுத்தும் பேரிங் மேல் இருக்கிற எழுத்தும் ஒன்றுதானா என்று இன்னொருத்தன் சரிபார்த்தான், டூப்ளிகேட் வந்துவிடக் கூடாதே! கடைக்கார அண்ணன் கடுப்பாகி, "தம்பி, பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்கப்பா" என்றார். நூற்றுச் சொச்சம் ரூபாய்ச் சாமானுக்கு ஒன்றரை மணி நேரம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கே நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன் நான். அதனால் உங்களில் பலரைவிட வயதில் கொஞ்சம் மூத்தவன். 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி மக்களவைத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டேன். வரிசையில் நின்றது முக்கால் மணி நேரம். யாருக்குப் போடுவது என்று முடிவு செய்ய எவ்வளவு நேரம் செலவழித்தேன்? உள்ளதைச் சொன்னால், முடிவு என்று ஒன்றை நான் செய்யவேயில்லை.

எங்கள் கரூர் தொகுதியில் அந்த முறை 54 வேட்பாளர்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயருக்குத்தான் இடம் உண்டு. ஆகவே நான்கு கருவிகளை வரிசையாக இணைத்து வைத்திருந்தார்கள். நோட்டா 55-ஆவது, நான்காவது கருவியில் ஏழாவது பட்டன். பெயர்களை அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள், பிறகு பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. நான் முதல் கருவியோடு நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த சின்னம் மூன்று. அதில் ஒன்றை அழுத்தினேன். 'பீப்' என்று சத்தம் வந்தது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரிந்தது, விழுந்தது. வெளியே வந்து மை வைத்த விரலைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். எழுபத்து சொச்சம் பேர் பார்த்தார்கள். அந்த எழுபது பேரில் ஒருத்தர்கூட "ஏன்டா அவருக்குப் போட்டே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன்.

"ஓட்டுப் போடுவது நம் கடமை" என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அதை மறுபடி இங்கே எழுதப் போவதில்லை. போடுகிறவன் என்ன தெரிந்துகொண்டு போடுகிறான் என்பதுதான் என் கேள்வி.

அம்மாயியின் இரண்டு நோட்டு

எங்கள் ஊர் அரவக்குறிச்சிப் பக்கம். முருங்கைக்காய் விளைகிற வறண்ட பூமி. 2016 சட்டமன்றத் தேர்தலை நம்மில் பலர் மறந்திருப்போம். எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த வருடம் மே 16-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க ஓட்டுப் போட்டபோது அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் மட்டும் போடவில்லை. வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் கொடுக்கப்பட்டதாகச் சொல்லித் தேர்தல் ஆணையம் முதலில் தேதியைத் தள்ளிவைத்தது, பிறகு தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தது. கடைசியில் நவம்பர் 19-ல்தான் நடந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். மே மாதம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்தது. எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், எழுதினால் சண்டை அந்தப் பக்கம் போய்விடும். அம்மாயி கையில் (அம்மாவைப் பெற்ற பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு வைத்தார்கள். கைமேல் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள். தேர்தல் நின்றுபோனது. அம்மாயி அந்த நோட்டைச் செலவழிக்கவில்லை! "ஓட்டுப் போடாம அந்தக் காசைத் தொடக் கூடாது கண்ணு" என்று அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்துவிட்டது. மே, ஜூன், ஜூலை என்று ஆறு மாதம் அந்த நோட்டு அங்கேயே கிடந்தது. நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். தேர்தலுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

அம்மாயியோடு வங்கி வரிசையில் நின்றது நான்தான். வெயிலில் அரை நாள் போனது. மஞ்சள் வாசம் அடிக்கிற இரண்டு நோட்டைக் கொடுத்து நூறு நூறாக மாற்றிக்கொண்டு வந்தோம். அப்புறம் 19-ஆம் தேதி அம்மாயி போய், சத்தியம் செய்த சின்னத்திலேயே போட்டுவிட்டு வந்தது.

நான் கொஞ்சம் வளர்ந்து, குடிமையியல் எல்லாம் படித்த பிறகு அம்மாயியிடம் சண்டைக்குப் போனேன். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உன் ஓட்டு ரகசியம். வாக்கு ரகசியத்தைக் காக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. சீட்டில் வேட்பாளர் பெயரும் வரிசை எண்ணும் சின்னமும்தான் இருக்கும், உன் பெயர் இருக்காது. நீ யாருக்குப் போட்டாய் என்று எவனுக்கும் தெரியாது என்று பெரிய வக்கீல் மாதிரி பேசினேன். அம்மாயி முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னது:

"மிசினுக்குத் தெரியாது சாமி. எனக்குத் தெரியுமில்ல?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஐந்நூறு ரூபாயை ஐந்து வருடத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு இருபத்தேழு பைசாதான் வருகிறது என்று மேடையில் எல்லோரும் சொல்கிற கணக்கையும் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் காசுல எனக்கு ஒன்றரை மாசத்துக்குப் பிரஷர் மாத்திரை வந்துது. உன்ற கணக்கு நோட்டுல மாத்திரை வருமா?" என்றது. காசு வாங்குகிறவர்களை "விலை போனவர்கள்" என்று திட்டுகிற நண்பர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம். வாங்கின காசுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற கிழவியிடம் நேர்மைக்குக் குறைவில்லை. அந்த நேர்மையை ஒருத்தன் தெரிந்தே பயன்படுத்திக்கொள்கிறான் என்பதுதான் வயிற்றெரிச்சல். சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-இ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 173-ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை. ஆனால் எண்பது வயதுக் கிழவியின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்க எந்தச் சட்டம் வரும்?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். தனி ஆள் ஓட்டுத்தான் ரகசியம். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்பது படிவம் 20-ல் வெளிப்படையாகவே வருகிறது. காசு கொடுத்தவன் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தத் தெரு ஏமாற்றியது என்று கணக்குப் பார்ப்பான். "யாருக்கும் தெரியாது" என்று நான் அம்மாயியிடம் அடித்துச் சொன்னது முக்கால் உண்மைதான். இப்படி ரத்தானது எங்கள் ஊர் மட்டுமல்ல. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் இரண்டும் இதே காரணத்துக்காக ரத்தாகிப் பிறகு நடந்தவை.

வேட்பாளருக்கும் ஒரு கேட்டலாக் உண்டு

பேரிங் விஷயத்துக்கு வருகிறேன். பேரிங்குக்குக் கேட்டலாக் இருக்கிற மாதிரி ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் படிவம் 26, பிரமாணப் பத்திரம். வேட்புமனுவோடு அதையும் கொடுத்தே ஆக வேண்டும்.

இது சும்மா கிடைத்ததல்ல. வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு இவற்றைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று 2002 மே 2-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உடனே அதன் வீரியத்தைக் குறைக்கிற மாதிரி ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 2003 மார்ச்சில் அதில் தடையாக இருந்த பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் மறுபடி சொன்னது. 2013-ல் இன்னொரு தீர்ப்பு: எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். நாம் ரெக்கார்டு நோட்டில் அப்சர்வேஷன் காலத்தைக் காலியாக விட்டால் லேப் சார் திருப்பி எறிவாரே, அதே மாதிரிதான். பொய்யாக எழுதினால் 125-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

அந்தப் பத்திரம் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படுகிறது, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் ஏறுகிறது. அந்த மக்களவைத் தேர்தலின்போது போனில் கே.ஒய்.சி. என்று ஆணையத்தின் செயலியே இருந்தது. 2024-ல் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. நடுவில் முழுசாக இருபது நாள் என் போனுக்குள்ளேயே அந்த 54 பேரின் கேட்டலாக்கும் இருந்தது. அந்த இருபது நாளில் நான் ஐ.பி.எல். ஸ்கோர் பார்த்தது எத்தனை தடவை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பேரிங் வாங்கின அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். படிக்கப் படிக்கத்தான் எதைப் பார்ப்பது என்று பிடிபட்டது.

வழக்கு என்ற கட்டத்தைப் பார்த்ததும் 'ரவுடி' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தண்ணீர் கேட்டு மறியல் செய்தவர் மேலும் வழக்கு இருக்கும், ஆள்மாறாட்டம் செய்து நிலத்தை எழுதி வாங்கியவர் மேலும் வழக்கு இருக்கும். பிரிவு எண்ணைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நிலுவையில் இருப்பது வேறு, தண்டனை ஆனது வேறு. பொதுவாக இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு வருடம் ஆகும்வரை நிற்கவே முடியாது. வெறும் வழக்கு இருந்தால் நிற்கலாம். ஆக அந்தக் கட்டத்தை நமக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சொத்துக் கட்டத்தில் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக என்பதைப் பாருங்கள். ஏற்கெனவே நின்றவர் என்றால் பழைய பத்திரமும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்க டிப்ளமோ தேவையில்லை. ஐந்து வருட வருமானவரிக் கணக்கில் காட்டிய வருமானமும் அதில் இருக்கிறது. வருமானம் அப்படியே இருக்க, சொத்து மட்டும் ஏறியிருந்தால் கேள்வி கேட்கலாம். மனைவி, கணவர், பிள்ளைகள் பெயரில் இருப்பதும் வரும். அரசுக்குப் பாக்கி, கடன், அரசு ஒப்பந்தம் எல்லாம் உண்டு.

படிப்புக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பள்ளிப் படிப்பை முடிக்காத காமராசர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். நம்மைப் போல அரியர் வைத்தவர்களுக்கு இது ஆறுதல் என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே சொல்கிறேன்.

மேடையில் நம்மவர்கள் பெருமையாகச் சொல்கிற உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. அதில் உண்மையில் ஓட்டே இல்லை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அதுவும் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும். பெருமைப்பட ஒரு இடம் இருக்கிறது: முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் சொந்தக்காரன் பெயரையும் குடத்திலேயே போடக் கூடாது என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். படிவம் 26-க்கு அப்பன் அந்தக் கல்!

பிரின்ட் எடுத்த சில பத்திரங்களைத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கொண்டுபோனேன். அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். நான் வழக்கு, சொத்து என்று வாசிக்க, அம்மாயி கேட்டது வேறு: "கடன் எவ்வளவு சாமி இருக்குது? யாருகிட்ட வாங்கியிருக்காரு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடன் கொடுத்தவன் பேச்சைக் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்பது அதன் கணக்கு. நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தேன். வாசித்து முடித்ததும் கேட்டது:

"இதெல்லாம் ஓட்டுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"ஆமா அம்மாயி. முன்னாடியே போட்டிருந்தாங்க."

"அப்ப ஏன் கண்ணு எனக்கு வாசிச்சுக் காட்டல?"

நான் காபி வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

எந்த வேலைக்கு எந்த ஆள்

பத்திரம் மட்டும் போதாது. எந்தப் பதவிக்கு என்ன வேலை என்று தெரியாமல் கேட்டலாக் பார்த்தால், லேத்துக்கு மில்லிங் கட்டர் வாங்கின கதைதான். எங்கள் அம்மா 2024-ல் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற கோபத்தில் எம்.பி. தேர்தலில் ஓட்டை மாற்றிப் போட்டது. தெருக் குழாய் ஊராட்சி மன்றத்தின் வேலை. எம்.பி. சட்டம் இயற்ற, மத்திய பட்ஜெட்டைக் கேள்வி கேட்க அனுப்பப்படுகிறவர். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு ஐந்து கோடி அவர் பரிந்துரையில் இருக்கிறது, செலவு மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான். அவர் எத்தனை நாள் சபைக்குப் போனார், என்ன கேள்வி கேட்டார் என்பது மக்களவை இணையதளத்தில் இருக்கிறது.

ஊராட்சித் தேர்தலை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறோம், "நம்ம ஆளு" என்று சாதி பார்த்து முடித்துவிடுகிறோம். 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. மூன்று வருடம் தனி அலுவலர். அந்த மூன்று வருடம் குழாய்க்காக யாரிடம் போய் நிற்பது என்று எங்கள் தெருவுக்குத் தெரியவில்லை. யாரும் அதற்காகக் கோபப்பட்டதாகவும் நினைவில்லை. கிராமசபைக்கு ஒரு அக்டோபர் 2-ல் போனேன். வரவு செலவை வாசித்தார்கள். கேட்டவர்கள் என் எண்ணிக்கையில் பத்தொன்பது பேர், அதில் நான்கு பேர் டீக்கு வந்தவர்கள்.

"ஒரு ஓட்டால என்னடா ஆகும்" என்கிறவர்களுக்கு: 2008-ல் ராஜஸ்தான் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். நமக்குப் பக்கத்திலேயே 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. நம் கல்லூரியில் இரண்டு கிளாஸ். "நோட்டா போட்டு எதிர்ப்பைக் காட்டுறேன்" என்கிறவர்களுக்கு: 2013 செப்டம்பர் தீர்ப்பால் வந்த உரிமை அது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ரயிலில் சங்கிலி இழுக்கிற மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், வண்டி நிற்காது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கே அதிகம் விழுந்தாலும் அடுத்து வந்த வேட்பாளர் ஜெயித்தவர்தான். எதிர்ப்பைக் காட்ட எங்கள் பக்கத்து மொடக்குறிச்சி விவசாயிகள் 1996-ல் வேறு வழி கண்டார்கள். ஒரே தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியிருந்தது. அந்த வருடமே நாடு முழுக்க டெபாசிட் தொகையை உயர்த்திவிட்டார்கள்.

கடைசியாக நம் ஹாஸ்டல்காரர்களுக்கு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீட்டுக்குப் படிவம் வந்ததே தெரியாமல் இங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பலர். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். நம் பெயர் எங்கே இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும்.

புதிதாகச் சேரப் படிவம் 6. திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. முன்பு ஜனவரி 1-ல் 18 முடிந்திருக்க வேண்டும் என்று ஒரே தேதி இருந்தது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கு. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், ஆகவே இரண்டாமாண்டுத் தம்பிகளும் தங்கைகளும் ஒதுங்கிப் போக வேண்டாம். ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர் கல்லூரிச் சான்றிதழோடு ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம், அல்லது வீட்டு முகவரியிலேயே இருக்கலாம். இரண்டிலும் இருக்கக் கூடாது, அது குற்றம்.

வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டு இடைவேளையில் மெக்கானிக்கல் பிளாக் மாடிப்படி அருகே நானும் இரண்டு நண்பர்களும் இருப்போம். போனும் வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் எடுத்து வாருங்கள், படிவம் ஏற்றப் பத்து நிமிடம் ஆகும். எந்தக் கட்சிப் பேச்சும் அங்கே கிடையாது. பழைய பிரமாணப் பத்திரங்கள் ஒரு ஃபைலில் இருக்கும், எடுத்துப் படிக்கலாம். கடன் கட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.